கிழக்கு நோக்கி அமர்ந்த குற்றம்

பங்கு மக்கள் முப்பது பேருடன் வடநாட்டுத் திருத்தலங்களுக்குச் சென்று, சர்தனா அன்னையின் பேராலயத்தைத் தரிசித்துத் திரும்பும் வழியில் காசியில் இரண்டு நாள் தங்கினோம். மாசி மாதம், குளிர் இன்னும் விட்டபாடில்லை. இரண்டாம் நாள் விடியுமுன் அசி படித்துறைக்கு நடந்தோம். 2014-ஆம் ஆண்டு முதல் அங்கே ‘சுபா-இ-பனாரஸ்’ என்ற பெயரில் காலை நிகழ்ச்சி ஒன்று நடந்து வருகிறது. முதலில் கங்கைக்கு ஆரத்தியும் வேத ஓதலும். பிறகு சிறிது இசை. அதன்பின் திறந்த வெளியில் யோகப் பயிற்சி. யார் வேண்டுமானாலும் வந்து அமரலாம்.

ஆரத்தி முடியும்வரை நாம் மேற்படியில் ஒதுங்கி நின்றோம். அது பிறர் வழிபாடு. அதற்குரிய மரியாதையோடு நிற்பதே முறை. பயிற்சி தொடங்கியதும் நம் குழுவில் பத்துப் பதினொருவர் கீழே இறங்கி விரிப்புகளில் அமர்ந்தனர். நாமும் அமர்ந்தோம். நமக்கு வலப்புறம் ஒரு படகோட்டி, இடப்புறம் காதுவரை கம்பளிக் குல்லாய் இழுத்துவிட்ட ஒரு வெள்ளைக்காரர். எதிர்க்கரை மணல்மேட்டுக்கு மேலே சூரியன் செம்மையாக எழுந்தது. மூச்சை இழுக்கவும் நிறுத்தவும் விடவும் ஒலிபெருக்கியில் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘ஓம்’ என்று எல்லாரும் ஒலித்தபோது நாம் வாய் திறக்கவில்லை. ஏன் என்று எவரும் நம்மைக் கேட்கவுமில்லை.

நம் குழுவில் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் இருந்தார். கணவரை இழந்தவர்; மூச்சிரைப்பு உள்ளவர். பயிற்சி முடிந்ததும், “சாமி, ரெண்டு வருசத்துக்கப்புறம் இன்னைக்குத்தான் நெஞ்சு நெறைய மூச்சு விட்டேன்” என்றார். அன்று மாலை ஒரு கன்னியர் மடத்துச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றினோம். நற்கருணை வாங்க எல்லாரும் எழுந்து வந்தார்கள். அவர் மட்டும் வரவில்லை. கடைசி வரிசையில் தலையில் முக்காடிட்டு அமர்ந்திருந்தார். பின்னர் விசாரித்தபோது காரணம் தெரிந்தது. குழுவில் வந்த ஒரு சகோதரர், ஊரூராய்ச் செபக்கூட்டங்களில் பேசுபவர், அவரிடம் சொல்லியிருக்கிறார்: “நீங்க சூரியனைக் கும்பிட்டுட்டீங்க. தீய ஆவிக்குக் கதவைத் திறந்து விட்டுட்டீங்க. தலைமேல கை வச்சுச் செபிச்ச பிறகுதான் நன்மை வாங்கலாம்.”

அறுபது ஆண்டு நற்கருணை வாங்கிய ஒருவரை ஒருவேளை பட்டினி போட்ட இந்தப் போதனையின் மேல்தான் நம் சினம். சகோதரர் பெயர் இங்கு வேண்டியதில்லை. அவர் தனியாள் அல்லர். குருப்பட்டம் பெற்ற புதிதில், பதஞ்சலியை ஒரு வரி படிக்காமலே, இதே போதனையை நாமும் மறையுரையில் முழங்கியிருக்கிறோம். அன்று யார் யார் அஞ்சி ஒதுங்கினார்களோ, அந்தக் கணக்கு நம் தலையில் இருக்கிறது.

சகோதரர் கற்றவராயிருந்தால் நம்மை மடக்க ஒரு நல்ல சான்று காட்டியிருக்கலாம். 440 முதல் 461 வரை திருத்தந்தையாயிருந்த பெரிய சிங்கராயர், கிறிஸ்து பிறப்பு விழா மறையுரை ஒன்றில், உரோமைக் கிறிஸ்தவர்களைக் கடிந்துகொள்கிறார். புனித பேதுரு பேராலயத்தின் படிகளில் ஏறியவர்கள், உள்ளே நுழையுமுன் திரும்பி நின்று உதயசூரியனுக்குத் தலைவணங்கினார்களாம்! ஆனால், அவர்கள் ஒளியையன்றி ஒளியைப் படைத்தவரையே எண்ணியிருக்கலாம் என்பதையும் அவர் மறுக்கவில்லை. பழைய தெய்வங்களை விட்டுப் புதிதாக வந்தவர்கள் இதைக் கண்டு குழம்புவார்கள் என்பதே அவருடைய கவலை. அது நியாயமான கவலை. அதனால்தான் ‘ஓம்’ ஒலித்தபோது நாம் வாய் மூடியிருந்தோம். ஆனால் அம்மையார் எதை வணங்கினார்? கண்ணை மூடி மூச்சு விட்டார். கிழக்கு நோக்கி அமர்ந்தார் என்பது குற்றமா? காசியில் கங்கை வடக்கு நோக்கி ஓடுகிறது. படித்துறையில் ஆற்றைப் பார்த்து எவர் அமர்ந்தாலும் கிழக்கு நோக்கித்தான் அமர்வார். தொடக்கத் திருச்சபையும் கிழக்கு நோக்கித்தான் செபித்தது.

மறுபுறம், “இது வெறும் உடற்பயிற்சி, சாமி, மதத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்போருடனும் நமக்கு வழக்கு உண்டு. பதஞ்சலியின் எட்டு உறுப்புகளில் ஆசனம் மூன்றாவது. அதற்கு அவர் ஒதுக்கியது மூன்றே சூத்திரங்கள். அதற்கு முன்னே நிற்பவை கொல்லாமை, வாய்மை, கள்ளாமை முதலியன. நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை வீடுபேற்றுக்கு வழியாகவே பாடினார். இடுப்புவலிக்கு மருந்தாகப் பாடவில்லை. பிறர் புனிதமாகப் போற்றுவதை எடுத்து, வேரை வெட்டி, “இதில் ஒன்றுமில்லை” என்று சொல்வது அவர்களையும் அவமதிப்பது, நம்மையும் ஏமாற்றுவது. அங்கே மனத்தின் அலைகள் ஓய்வது குறிக்கோள். நமக்கோ செபம் என்பது ஒருவரைச் சந்திப்பது. இந்த வேறுபாட்டை அறிந்து அமர்பவருக்கு அச்சம் வேண்டியதில்லை.

விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989 அக்டோபர் 15 அன்று, கர்தினால் ராட்சிங்கர் தலைவராயிருந்தபோது, கிறிஸ்தவத் தியானம் பற்றி ஆயர்களுக்கு ஒரு மடல் விடுத்தது. யோகத்தைக் கண்டிக்க விரும்புவோர் அதைக் கையில் ஏந்துகிறார்கள். முழுவதும் படித்தவர் சிலரே. கிறிஸ்தவம் அல்லாதது என்பதாலேயே ஒரு முறையைத் தள்ளிவிடலாகாது என்று அது கூறுகிறது. உடற்பயிற்சியால் வரும் அமைதியைத் தூய ஆவி தரும் ஆறுதல் என்று எண்ணிவிடக் கூடாது என்றும் அதுவே எச்சரிக்கிறது. இந்த எச்சரிக்கை, உரத்த ஆரவாரத்தில் உடல் சிலிர்த்ததையெல்லாம் ஆவியின் வருகை என்று அறிவிக்கும் செபக்கூட்டங்களுக்கும் பொருந்தாதா? சகோதரர்தாம் விடை சொல்லவேண்டும்.

இதில் அரசியல் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. உலக யோகா நாளை 2014 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. முதல் ஆண்டு, 2015 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தபோது கிறிஸ்தவர்கள் முறையிட்டார்கள். அது நியாயமான முறையீடு. கட்டாயப்படுத்தினால் எதிர்ப்போம். அசியில் எவரும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை.

அந்தப் படித்துறையில் நம்மை உறுத்தியது வேறொன்று. விடியலின் குளிரில் தரையில் அமர்ந்து, முக்கால் மணி நேரம் அத்தனை பேர் அசையாதிருந்தார்கள். நம் காலைத் திருப்பலிக்கு வருவோர் பதினான்கு பேர். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி கிடைக்காவிட்டால் முகம் சுளிக்கிறார்கள். உடலும் செபிக்கும் என்பதை நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. புனித தோமினிக் வணங்கியும் விழுந்தும் கை விரித்தும் செபித்தவர். மூச்சுக்கு ஒரு சொல்லாகச் செபிக்கும் முறையை இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் வைத்தார். புனித வெள்ளியன்று குரு பீடத்தின் முன் முகங்குப்புற விழுகிறார். மக்கள் அதை நாடகம்போலப் பார்த்து நிற்கிறார்கள். குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், 1950-இல் மோன்சானின், லெ சோ என்ற இரு பிரெஞ்சுக் குருக்கள் சாந்திவனத்தை நிறுவி, காவிரிக்கரையில் தரையில் அமர்ந்து செபித்தார்கள். நம் பங்கிலிருந்து அங்கே போய்வந்தவர் எத்தனை பேர்?

வருகிற முதல் வெள்ளி தொடங்கி, காலைத் திருப்பலிக்கு முன் ஐந்து மணி முதல் அரைமணி நேரம் நற்கருணைமுன் மௌனம். நாற்காலிகள் ஓரமாக அடுக்கப்படும், பாய் விரிக்கப்படும், பாட்டும் ஒலிபெருக்கியும் இல்லை. எப்படி அமர்வது, எப்படி மூச்சைச் சீர்ப்படுத்துவது என்பதை நாமே சொல்லித் தருவோம். மறுப்பவர்கள் வீடு வீடாகப் போகாமல் பங்குப் பேரவைக்கு வந்து நேரில் வாதாடட்டும். அம்மையார் ஊர் திரும்பிய ஞாயிறன்று நன்மை வாங்கினார். வெள்ளிக்கிழமையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முழங்கால் மடங்காதாம், அவருக்கு மட்டும் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறோம்.