1729 போதும்

ராமானுஜன் என்றதும் நம்மாட்கள் 1729 டாக்ஸி கதைக்குத் தாவி விடுகிறார்கள். சொல்ல வேண்டிய எண் 67,46,32,83,88,800.

ஆம்பூர் ஷூக்களை டஜனாகக் கட்டினால் 2, 3, 4, 6 என்று சமமாகப் பிரிக்கலாம்; பத்தாகக் கட்டினால் 2, 5 மட்டும்தான். தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட 12-க்குக் காரணிகள் அதிகம். இப்படிப்பட்ட எண்களை 1915-ல் ராமானுஜன் பட்டியலிட்டு வெளியிட்டார். மேலே சொன்னதுதான் அதில் கடைசி. காரணிகள் 10,080!

ஆனால் நடுவில் ஒன்றை விட்டுவிட்டார்: 2,93,31,86,25,600. இதை வகுப்பில் யாரும் சொல்வதில்லை. நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னாள் என்பதோடு சரி. கனவில் வந்த பட்டியலில் எண் விடுபடுமா? கையால் போட்ட கணக்கய்யா அது! பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியதும் அதுதான்.

விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். அதே கடைசி எண் வரும். (12 இலக்க கால்குலேட்டர் போதாது.)