சங்கீதத்துக்குக் கிளைக்கடை

நியூயார்க்கில் 1981-இல் டானி பென்சூசன் ‘புளூ நோட்’ என்ற ஜாஸ் கிளப்பைத் திறந்தார். 1988-இல் டோக்கியோ, பிறகு மிலான், பெய்ஜிங் என்று கிளைகள் முளைத்தன. வித்வான்களுக்கு ஊர் ஊராக மேடையும் சம்பளமும் கிடைக்கிறதே என்பார்கள். வாஸ்தவம், வியாபாரத்தின் மேல் எனக்குத் துவேஷம் இல்லை. ஆனால், கிளைக்குக் கிளை மாறாதிருக்க வேண்டியது காப்பியின் ருசி. ஜாஸோ அந்த க்ஷணத்தில் பிறக்கும் கற்பனை. பெரிய கடை, டிக்கெட் விற்கும் பெயரைத்தான் முதலில் தேடும். பெயரில்லாத பையன் எங்கே போய்த் தடுமாறிக் கற்றுக்கொள்வான்? அதே நியூயார்க்கில் 1935-இல் ஒரு நிலவறைக்குள் புகுந்த ‘வில்லேஜ் வான்கார்ட்’ அதை விட்டு நகரவே இல்லை. 1961-இல் பில் எவன்ஸும் ஜான் கால்ட்ரேனும் அங்கே வாசித்துப் பதிவான இசைத்தட்டுகளை உலகம் இன்னும் கேட்கிறது. ஊர் சுற்ற வேண்டியது சங்கீதம், ஸ்வாமி, பெயர்ப்பலகை அல்ல!