மீண்டும் வந்தால் யார் குற்றம்?

மாணவர்களே, கேமராக் குழாயால் பார்த்தால் பெருங்குடல் பெரும்பாலும் நலமாகவே தோன்றும். அங்கிருந்து எடுத்த திசுத் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்தால்தான் அழற்சி தெரியும். இதுவே மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸ். 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. இரத்தம் கலக்காமல், தண்ணீராகப் போகும் நாள்பட்ட வயிற்றுப்போக்கே இதன் முக்கிய அறிகுறி.

கண்டறிந்த பின் என்ன நடக்கும்? சிலருக்குத் தானாகவே அடங்கும். பலருக்கு புடெசோனைடு மாத்திரை சில வாரங்களில் நலம் தரும். ஆனால், மருந்தை நிறுத்தியபின் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் திரும்புகிறது. அவர்களில் சிலர் குறைந்த அளவில் மருந்தைத் தொடர வேண்டியிருக்கும். ஆறுதலான செய்தி, இந்நோய் பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவதில்லை.

நோய் திரும்பினால், “கண்டதைச் சாப்பிட்டிருப்பீர்கள்” என்று நோயாளியைக் கடிந்துகொள்வது நம் வழக்கம். அது நியாயமில்லை. அடங்குவதும் திரும்புவதும் இந்நோயின் இயல்பு. சில வலி நிவாரணிகளும் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் இதனோடு தொடர்புடையவை. ஆகவே, வீட்டில் யாருக்காவது இந்நோய் இருந்தால், அவர் உண்ணும் மாத்திரைகளை எல்லாம் எழுதி மருத்துவரிடம் காட்ட உதவுங்கள். குறை சொல்வதைவிட அந்தப் பட்டியல் பயன்படும்.