படகில் கோலம் போட்டால் என்ன?

“மூழ்கப் போற கட்டைக்கு மூக்குத்தி எதுக்குடா?”

கிள்ளானில் என் வீட்டு முன்புறம், கார் நிறுத்துமிடத்தில் பாதி முடிந்து கிடந்த கயாக்கைப் பார்த்துப் பழைய விடுதித் தோழன் கேட்ட கேள்வி இது. கேலியாகத்தான் கேட்டான். ஆனால் அவனுக்கு முன்னரே ஐந்தாறு பேர் இதையே வேறு சொற்களில் கேட்டிருந்தார்கள். படகு மிதந்தால் போதாதா, அதன் மேல் படம் எதற்கு, அதுவும் கோலம் எதற்கு? ஒவ்வொருவரிடமும் நின்று பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே, நம் கழகத்தின் ஆண்டிதழில் இடம் கேட்டு வாங்கி இதை எழுதுகிறேன்.

படகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் தச்சன் அல்லன். 4 மில்லிமீட்டர் மெராந்தி ஒட்டுப்பலகையை வரைபடப்படி வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் துணியைத் தைப்பதுபோல் தைத்து, இணைப்புகளில் மரத்தூள் கலந்த எபோக்சிப் பசையை இழுத்து, மேலே கண்ணாடியிழைத் துணியைப் போர்த்திச் செய்யும் முறை இது. 1960களில் இங்கிலாந்தில் ‘மிரர்’ என்ற சிறு பாய்ப்படகை இந்த முறையில்தான் சாதாரண மனிதர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகைகளில் ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். பொறுமை மட்டும் வேண்டும். எனக்கு ஏழு மாதங்களின் வார இறுதிகள் கரைந்தன.

படகு உருவானதும் யோசனைகள் வந்து குவிந்தன. ‘ழ’ எழுத்தைப் பெரிதாக அச்சடித்து ஒட்டு என்றான் ஒருவன். புலி போடு என்றான் இன்னொருவன். மயில் என்றாள் தங்கை. எல்லாவற்றுக்கும் ஒரே வழிதான் சொன்னார்கள்: கணினியில் வடிவமைத்துக் கடைக்கு அனுப்பு, ஒட்டுப்படமாக வரும், ஒட்டிவிடு. இரண்டு நாள் வேலை.

என் கருத்து வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. நாம் எல்லாவற்றையும் அச்சடித்து ஒட்டுகிறவர்களாக மாறிவிட்டோம். கழகத்தின் பதாகை, சட்டை, மேடைப் பின்னணி எல்லாம் கடையிலிருந்து சுருட்டி வருகின்றன. இதில் பிறரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் செயலவையில் இருந்த ஆண்டில் பதாகைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் பசியாறப் போனவனே நான்தான். ஆனால் ஏழு மாதம் கைகள் வெடிக்க உரசிய மரத்தின் மேல், யாரோ வரைந்து எந்திரம் வெட்டிய ஒன்றை ஒட்ட மனம் வரவில்லை.

இந்த மண்ணில் படகை அலங்கரிப்பது புதிதன்று. மாணவனாக இருந்தபோது, 2008இல், கிளந்தானின் பாச்சோக் கடற்கரையில் மீன்பிடிப் படகுகளைப் பார்த்தேன். முனையில் ‘பாங்காவ்’ எனப்படும் செதுக்கிய மரத்துண்டு; மலாயில் கொக்கு என்று பொருள். கொக்கு மட்டுமன்று, பாம்பும் வாயாங் கூத்துப் பாத்திரங்களும்கூட அதில் வடிக்கப்படுவதுண்டு. பாய்மரக் காலத்தில் கழற்றிய மரத்தையும் பாயையும் சாய்த்து வைக்க உதவிய தாங்கி அது. மோட்டார் வந்தபின் அதற்கு வேலை இல்லை. இருந்தும் மீனவர்கள் அதைக் கழற்றி எறியவில்லை. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பூசி வைத்துக்கொண்டார்கள். மூக்குத்தி எதற்கு என்று கேட்பவர்களை ஒருமுறை அங்கே அழைத்துப் போகவேண்டும்.

நம் இலக்கியத்திலும் உண்டு. சிலப்பதிகாரத்தில் வைகைத் துறையில் குதிரை முகம், யானை முகம், சிங்க முகம் கொண்ட ஓடங்கள் ஓடுகின்றன. ஆனால் நேர்மையாகச் சொல்லவேண்டும்: கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அவற்றில் ஏறாமல் சாதாரண மரப்புணையில்தான் ஆற்றைக் கடக்கிறார்கள். என் கட்சிக்குக் கொஞ்சம் பாதகமான சான்று!

சரி, ஏன் கோலம்? காரணம் அம்மா.

தோட்டத்து லயத்தில் இருந்தவரை, பால்மரத்துக்குப் போகும் முன் இருட்டிலேயே வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார். 2005இல் நாங்கள் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தோம். நான்காவது மாடி, எல்லாருக்கும் பொதுவான நடைவழி. மாவு பறக்கிறது, கால் வழுக்குகிறது என்று முறைப்பாடுகள் வந்தன. அம்மா கதவுக்கு முன் ஒட்டுக் கோலம் வாங்கி ஒட்டினார். பிறகு தரைவீட்டுக்கு வந்தோம். வாசல் இருந்தது, ஆனால் வழவழப்பான ஓடு, வலிக்கும் முழங்கால். ஒட்டுக் கோலமும் கூடவே வந்துவிட்டது. அவர் கையால் கோலம் போட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை, படகுக்கு என்ன வரையலாம் என்று குழம்பிய அன்றுதான் முதன்முறையாக எண்ணிப் பார்த்தேன். எண்ணாமல் இருந்ததில் எனக்கும் பங்குண்டு.

குனிந்து படகில் வரைய அவரால் முடியாது. அதற்கு ஒரு வழி கிடைத்தது. ‘அரிசித்தாள்’ என்று கடையில் விற்கும் மெல்லிய தாளில் வரைந்து, அதைப் பலகையின் மேல் வைத்து எபோக்சி ஊற்றினால், தாள் கண்ணாடிபோல் மறைந்துவிடும். வரைந்த கோடு மட்டும் மரத்தில் நிற்கும். (அந்தத் தாளில் அரிசியே இல்லை, முசுக்கட்டை போன்ற மரங்களின் பட்டையில் செய்வது. அரிசிமாவே இல்லாத கோலத்துக்கு அரிசியே இல்லாத அரிசித்தாள்!) அம்மா சாப்பாட்டு மேசையில் அமர்ந்தே வரையலாம்.

வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு எப்படித் தெரியும்? அடியில் கறுப்புக் குப்பைப் பையை விரித்தது அம்மாவின் யோசனை. தூரிகை அவருக்குப் பிடிபடவில்லை. “இது என்னடா, வெளக்குமாறு மாதிரி” என்று தள்ளிவிட்டார். மருதாணிக் கூம்பு மாதிரி பிளாஸ்டிக்கைச் சுருட்டி, அதில் அக்ரிலிக் வண்ணத்தை அடைத்துக் கொடுத்தேன். முதல் நான்கு தாள்கள் வீண். ஐந்தாவதில் கை பழகிவிட்டது.

படகின் முன்தளம் முக்கோணம். சதுரக் கோலம் அதில் உட்காராது. நான் அளவுகோலை எடுப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார்: ஊடுபுள்ளியில் ஏழிலிருந்து ஒன்றுவரை இறங்கு. ஏழு, ஆறு, ஐந்து என இருபத்தெட்டுப் புள்ளிகள். கடைசிப் புள்ளி படகின் மூக்கில். அவற்றைச் சுற்றி எங்கும் அறாமல் போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் ஒரு சிக்குக் கோலம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய குழுவினரும் 1970களில் கோலத்தைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்தவர்கள். அதைப் படித்து வியந்த பொறியியல் பட்டதாரி நான். அதே வேலையை அம்மா மனத்துக்குள் ஒரு நொடியில் முடித்ததை நேரில் பார்க்க எனக்கு ஒரு படகு தேவைப்பட்டது.

பல்கலைக்கழகக் கோலப்போட்டிகளை நினைத்துக்கொண்டேன். வண்ண அரிசி மூட்டையைச் சுமப்பது ஆண்கள். புள்ளி வைப்பது பெண்கள். மூன்று ஆண்டுகள் மூட்டை சுமந்திருக்கிறேன், ஒரு புள்ளி வைத்ததில்லை. தம்பிமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பின்தளத்துக் கோலத்தை அம்மா என்னையே போடச் சொன்னார். நான்கு புள்ளிதான். கோணலாக இருக்கிறது. அதையும் எபோக்சிக்குள் வைத்துவிட்டேன்.

இனி அம்மாவின் மறுப்பு. முன்தளத்துத் தாளை ஒட்டி, துணி போர்த்தி, எபோக்சி காய்ந்து, கோடு பளிச்சென்று சிவந்த மரத்தில் எழுந்தபோது, அவர் மகிழ்வார் என்று நினைத்தேன். “நல்லாத்தான் இருக்கு. ஆனா கோலத்தை இப்படி மூடி வைக்கலாமா? அழியணும்பா, அப்பத்தானே நாளைக்கு வேற போடலாம்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஒட்டுப்படம் வேண்டாம் என்று வாதாடியவன், கடைசியில் கோலத்தைக் கண்ணாடிக்குள் அடைத்து இன்னும் கெட்டியான ஒட்டுப்படமாக்கிவிட்டேனா?

பல நாள் யோசித்தேன். அம்மா சொன்னதில் நியாயம் உண்டு. ஆயினும் எதுவும் வரையாத பலகையைவிட இது மேல் என்றே இன்றும் நினைக்கிறேன். ஒட்டுப்படத்தில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: ஆறாவது வரிசையில் அவர் விரல் நடுங்கிய இடம் தெரியும்.

படகில் எதையும் வரையலாம் என்று நான் சொல்லவில்லை. கறுப்பு போன்ற அடர்நிறத்தைப் பெரிதாகப் பூசினால் நம் வெயிலில் சூடேறி எபோக்சி இளகும். கயாக் நீர்மட்டத்தோடு தாழ்ந்திருப்பது. மோட்டார் படகோட்டியின் கண்ணில் படவேண்டும். ஆகவே பக்கங்களுக்குக் கலையெல்லாம் இல்லாமல் மஞ்சள்தான் பூசினேன். எபோக்சி வெயில் தாங்காது, மேலே புற ஊதாக்கதிர் தடுக்கும் வார்னிஷ் கட்டாயம். நம் ஈரக்காற்றில் காய்ந்த எபோக்சியின் மேல் மெழுகுபோல் ஒரு படலம் படியும். அதைத் தண்ணீரால் கழுவாமல் வார்னிஷ் அடித்து, சோதனைப் பலகையில் அது உரிந்து வந்தபின்தான் எனக்குப் புத்தி வந்தது.

போர்ட்டிக்சனில் மூன்றாவது முறை கடலில் இறக்கியபோது, கரையேறும் இடத்தில் ஓர் அலை படகைப் புரட்டிப் பாறையில் தேய்த்தது. தோழன் வாய் பலித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. முன்தளத்தில், நாலாவது வரிசையிலிருந்து மூக்குவரை, துணியைக் கிழித்து மரம்வரை போன ஒரு கீறல்.

இரவு முழுக்க அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தேன். காலையில் அவரே வந்து பார்த்தார். கீறலை விரலால் தடவினார். “ஒரசி எடுத்துடலாம்ல?” என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். “அப்ப எடுத்துடு. தாமரை ஒண்ணு மனசுல இருக்கு.”

வாசலில் ஒட்டுக் கோலம் இன்னும் இருக்கிறது. அதை உரித்துவிடும்படி நான் கேட்கவில்லை. மழை விட்டதும் முன்தளத்தை உரசப் போகிறோம். கை கொடுக்க வருகிற தம்பி தங்கைகள் 80ஆம் எண் உப்புத்தாளும் மூக்குக்கு முகமூடியும் கொண்டு வாருங்கள். மேசையில் வரைய வருகிறவர்களுக்கு எதுவும் தேவையில்லை. குப்பைப் பை வீட்டிலேயே இருக்கிறது.