அபிமானம் வேறு, தீர்ப்பு வேறு

மார்கரெட் அட்வுட்டின் ‘தி டெஸ்டமென்ட்ஸ்’ நாவல் 2019 செப்டம்பரில் வெளியானபோது அவருடைய வாசகர்கள் இரு தரப்பாகப் பிரிந்தனர். 34 ஆண்டுகள் காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது என்று கொண்டாடியது ஒரு தரப்பு. முதல் நாவலோடு நிறுத்தியிருக்கலாம் என்று அலுத்துக்கொண்டது மற்றது. ஏமாற்றத்தை வாய்விட்டுச் சொன்னவர்களை நன்றியற்றவர்கள் என்று ஒதுக்குவது எளிது. அது நியாயமல்ல.

அவர்களுடைய ஏமாற்றத்துக்குக் காரணம் உண்டு. 1985-இல் வந்த ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’, கிலியட் என்ற மதச் சர்வாதிகார நாட்டில் அதிகாரிகளுக்குப் பிள்ளை பெற்றுத் தருவதற்கென்றே அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணின் வாக்குமூலம். வரலாற்றில் எங்குமே நடந்திராத கொடுமை எதையும் சேர்ப்பதில்லை என்று தமக்கே விதி வகுத்துக்கொண்டு அட்வுட் அதை எழுதினார். இறுதியில் அவள் ஒரு கறுப்பு வேனில் ஏறுகிறாள். அது விடுதலைக்கா, சாவுக்கா என்பது அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வாசகரை ஆண்டுக்கணக்கில் தூங்கவிடாமல் செய்தது அந்த முடிவுதான்.

இரண்டாம் நாவலோ துப்பறியும் கதையின் வேகத்தில் ஓடுகிறது. கனடாவில் வளர்ந்த ஒரு சிறுமி கிலியட்டுக்குள் நுழைகிறாள், ஆவணங்கள் எல்லை கடக்கின்றன, ஆட்சி ஆட்டம் காண்கிறது. பயம் இவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிடுமா என்று கேட்டவர்கள் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்கள்.

பாராட்டியவர்களிடமும் நியாயம் இருக்கிறது. இரண்டாம் நாவலில் லிடியா அத்தை சொல்லும் பக்கங்களே அதற்குச் சாட்சி. குடும்பநல நீதிபதியாக இருந்தவள், விளையாட்டரங்கில் அடைபட்டு, மற்றப் பெண்களைச் சுடும் வரிசையில் நிறுத்தப்பட்டு, பின்னர் அதே ஆட்சிக்குத் தூணாகிறாள். அவள் தன் ரகசியக் குறிப்புகளை ஒளித்துவைப்பது, கார்டினல் நியூமன் தம் வாழ்வுக்கு நியாயம் கூறி எழுதிய நூலுக்குள். உடந்தையாக இருந்தவளின் மனதை இவ்வளவு கூர்மையாகக் காட்டுவது லேசுப்பட்ட காரியமல்ல.

கிலியட்டைப் பற்றி வாசகர்கள் கேட்டுவந்த கேள்விகளே இந்த நாவலுக்குத் தூண்டுதல் என்று அட்வுட்டே சொன்னார். அப்படியானால், கிடைத்த பதில் போதவில்லை என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. 2017 முதல் அமெரிக்கச் சட்டமன்றங்களில் பெண்கள் முதல் நாவலின் நாயகியைப் போலச் சிவப்பு அங்கியும் வெள்ளைத் தொப்பியும் அணிந்து போராடியதால், கிலியட் ஒரு பெண்ணுரிமை இயக்கத்தின் அடையாளமாகிவிட்டது. இயக்கத்தை ஆதரிப்பதால் நாவலையும் புகழ்ந்தாக வேண்டும் என்பதில்லை. நாவல் பிடிக்காதவர் இயக்கத்துக்கு எதிரியும் அல்லர்.

உண்மையில் தவறியவர்கள் புக்கர் இலக்கியப் பரிசின் நடுவர்கள். 1992-இல் பரிசு இருவருக்குப் பகிரப்பட்ட பிறகு, இனி ஒருவருக்கே என்று விதி வந்தது. 2019 அக்டோபரில் அந்த விதியைத் தெரிந்தே மீறி, 50,000 பவுண்டு பரிசை அட்வுட்டுக்கும், ‘கேர்ள், உமன், அதர்’ எழுதிய பெர்னார்டின் எவரிஸ்டோவுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். அட்வுட் 2000-ஆம் ஆண்டிலேயே அப்பரிசைப் பெற்றவர். எவரிஸ்டோவோ அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண். அவருக்குக் கிடைத்தது பாதி மேடை. நடுவர்களில் ஒருவர் பின்னர் எழுதியபோது அட்வுட்டின் நெடிய இலக்கிய வாழ்வின் கனத்தையும் குறிப்பிட்டார். புக்கர் பரிசு ஒரு நாவலுக்கு உரியது. வாழ்நாள் சாதனைக்கு அல்ல.

பிரியமான எழுத்தாளரின் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி, கடைசிப் பக்கம்வரை படித்து, பிடித்ததையும் பிடிக்காததையும் மழுப்பாமல் சொன்ன வாசகர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். தீர்ப்புச் சொல்லவே அமர்த்தப்பட்டவர்கள்தாம் பெரிய பெயருக்கு முன்னால் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் எவரிஸ்டோவுக்கு அநீதி; அட்வுட்டுக்கும் அது பெருமை சேர்க்கவில்லை.