ராஜ வாழ்க்கைக்கு ஆண்டுதோறும் மனு

"சென்னையில இருக்கிற ஃபிளாட்டை வித்துட்டு தாய்லாந்துல போய் செட்டில் ஆயிடுங்க சார், அப்புறம் ராஜ வாழ்க்கைதான்." ஓய்வுபெறும் வயதை நெருங்குகிறவர்களின் கைபேசியில் இந்த மாதிரி வீடியோ ஒன்று எப்படியோ வந்து நின்றுவிடுகிறது. மேற்கத்தியர்கள் பல்லாண்டுகளாகக் கேட்டுப் பழகிய பேச்சு இது. நமக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. கடலோர வாடகை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, வேலைக்கு ஆள் வைத்தால் இவ்வளவு என்று ஒரு பட்டியலும் கூடவே வரும். பட்டியலில் பெரிய பொய் எதுவும் இருப்பதில்லை. ஆனால் அங்கே தொடர்ந்து இருப்பதற்கான உரிமை அந்த விலையில் சேராது. ஓய்வுக்காலத்துக்கு முக்கியமாக வேண்டியதே அதுதான்.

முதலில் விசா. 'ஐம்பது வயசு ஆகியிருந்தா போதும், கொடுத்துடுவாங்க' என்கிறார்கள். கொடுக்கிறார்கள், ஓராண்டுக்கு. அடுத்த ஆண்டு மறுபடி கேட்க வேண்டும், அதற்கடுத்த ஆண்டும். தாய்லாந்து வங்கிக் கணக்கில் 8 லட்சம் பாத் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். நம் கணக்கில் முன்னது இருபது லட்சம் ரூபாய்க்கு மேல், பின்னது மாதம் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். அந்த 8 லட்சத்தையும் விருப்பம்போல் எடுத்துச் செலவழிக்க முடியாது. விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பும், அனுமதி கிடைத்தபின் மூன்று மாதமும் குறையாமல் இருக்க வேண்டும். மற்ற மாதங்களிலும் 4 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. இதுபோக, 90 நாளுக்கு ஒருமுறை 'இன்னும் இதே முகவரியில்தான் இருக்கிறேன்' என்று அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பட்டாயாவை ஒட்டிய ஜோம்தியன் குடிவரவு அலுவலகத்தில் இந்த ராஜாக்களைப் பார்க்கலாம். கையில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் நகல்கள், நகலின் ஒவ்வொரு பக்கத்திலும் நீல மையில் கையெழுத்து. பாஸ்புக்கில் அன்றைய தேதியில் ஒரு வரவோ செலவோ அச்சாகியிருக்க வேண்டும் என்பதால், வரும் வழியில் வங்கிக்குப் போய் சில நூறு பாத் போட்டுவிட்டு வந்திருப்பார்கள். வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம்கூடக் கேட்பதுண்டு. ஆயுள் முழுவதும் ஊரில் பெரிய பதவி வகித்தவர், எழுபது வயதில் மேஜை ஓரத்தில் குனிந்து, தன் வீட்டுக்குப் போகும் வழியை எப்படி வரைவது என்று யோசித்துக்கொண்டிருப்பார். இதில் அவமானம் ஒன்றும் இல்லை. எந்த நாடும் தன் விருந்தாளியைக் கணக்கில் வைத்துக்கொள்ளத்தான் செய்யும். இருபது ஆண்டு கழிந்தாலும் விருந்தாளிதான் என்பதை மட்டும் வீடியோவில் சொல்வதில்லை.

விதிகளும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. வருமானத்துக்குச் சான்றாகத் தூதரகக் கடிதம் போதும் என்றிருந்தது. 2018 இறுதியில் பிரிட்டிஷ், அமெரிக்கத் தூதரகங்கள் அந்தக் கடிதத்தையே நிறுத்தின. அதை நம்பி வாழ்ந்தவர்கள் வங்கியில் மொத்தமாகப் பணம் போடவோ, மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவோ அலைந்தார்கள். நிரந்தர வசிப்பு அனுமதி வாங்கிக்கொள்ளலாமே என்றால், அதற்கு ஒவ்வொரு நாட்டவருக்கும் ஆண்டுக்கு 100 பேர் என்று வரம்பு. அதுவும் பெரும்பாலும் அங்கே வேலை பார்த்து வரி கட்டியவர்களுக்குத்தான். ஓய்வு விசாவில் கழித்த காலம் அந்தக் கதவைத் திறக்காது.

'தாய்லாந்து வேண்டாம்னா மலேசியா. தமிழ் பேசலாம், தோசை கிடைக்கும்.' தோசை கிடைக்கும். 2002இல் தொடங்கிய 'மலேசியா மை செகண்ட் ஹோம்' திட்டத்தை 2020இல் நிறுத்தி வைத்தார்கள். 2021இல் திரும்ப வந்தபோது, வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய மாத வருமானம் 10,000 ரிங்கிட்டிலிருந்து 40,000 ஆகியிருந்தது; வைப்புத்தொகை 10 லட்சம் ரிங்கிட். ஜோகூர் மாநில சுல்தானே வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிகள் வைத்து மறுபடி மாற்றினார்கள். இப்போது வீடு வாங்குவதும் கட்டாயம். ஒரே திட்டம் சில ஆண்டுகளுக்குள் இத்தனை உருவம் எடுத்தால், இருபத்தைந்து ஆண்டு ஓய்வுக்காலத்தை அதன்மேல் எப்படிக் கட்டுவது?

அடுத்தது மலிவு. இன்றைய நாணய மதிப்பில் போட்ட கணக்கைச் சாகும்வரைக்கும் செல்லும் என்று நினைப்பதுதான் இங்கே கோளாறு. 2007 வாக்கில் ஒரு பவுண்டுக்கு 65 பாத்துக்கு மேல் கிடைத்தது. 2019இல் அது 40க்கும் கீழே போனது. சம்பளம் வாங்குகிறவர் இன்னொரு வேலை பார்த்தாவது ஈடுகட்டுவார். ஓய்வு விசாவில் இருப்பவருக்கு அங்கே வேலை பார்க்கவே அனுமதி இல்லை.

பிரிட்டிஷ்காரர்களுக்கு இன்னோர் அடியும் உண்டு. அவர்களுடைய அரசு ஓய்வூதியம் ஊரில் ஆண்டுதோறும் ஏறும். தாய்லாந்து, மலேசியா, இந்தியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் குடியேறிவிட்டால் அன்று வாங்கியதோடு உறைந்துவிடும். 2000ஆம் ஆண்டில் முழு அடிப்படை ஓய்வூதியம் வாரத்துக்கு 67.50 பவுண்டு. அந்த ஆண்டு ஓய்வுபெற்றுத் தாய்லாந்து போனவர் இன்றும் அதே 67.50தான் வாங்குகிறார், பர்மிங்ஹாமிலேயே இருந்துவிட்ட அவருடைய சகாவுக்கு 2025இல் அது 176.45. பிலிப்பைன்ஸ் போனவருக்கு மட்டும் ஏறுகிறது, இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருப்பதால். ஒரே ஆசியா, ஒரே கடற்கரை, ஒப்பந்தத்தால் வந்த வித்தியாசம் இவ்வளவு.

நாணய மதிப்பின் அடி நம்மவர்களுக்குப் பொருந்தாது என்று யாரும் நிம்மதி கொள்ள வேண்டாம். 2014இல் இரண்டு ரூபாய்க்கும் குறைவாக இருந்த ஒரு பாத் இப்போது இரண்டரை ரூபாயைத் தாண்டிவிட்டது. பத்து ஆண்டு முன்பு ரூபாய் சேமிப்பை நம்பிப் போனவருக்கு, அங்கே ஒரு விலையும் ஏறாவிட்டாலும் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருக்கும். தாய்லாந்தின் வரி விதியையும் 2024இல் மாற்றினார்கள். ஆண்டுக்கு 180 நாள் தங்குகிறவர் வெளிநாட்டு வருமானத்தை அடுத்த ஆண்டு வரை வைத்திருந்து உள்ளே கொண்டுவந்தால் வரி இல்லை என்றிருந்த பழைய வழி, புதிதாக ஈட்டும் பணத்துக்கு அடைக்கப்பட்டுவிட்டது.

'சொந்த வீடு வாங்கிட்டா கவலை இல்லை.' வெளிநாட்டவர் தாய்லாந்தில் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஃபிளாட் வாங்கலாம், மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் கையில் இருக்கலாம். தோட்டத்தோடு தனி வீடு வேண்டுமென்றால் 30 ஆண்டுக் குத்தகை, அல்லது உள்ளூர் மனைவியின் பெயரில் நிலம். அப்படி மனைவி பெயரில் பதியும்போது கணவர் நில அலுவலகத்தில் கையெழுத்திட வேண்டிய வாக்குமூலம் ஒன்று உண்டு: 'இந்தப் பணம் முழுக்க என் மனைவியின் சொந்தப் பணம், எனக்கு இதில் பங்கில்லை.' லண்டன் வீட்டை விற்ற காசு அந்தக் கையெழுத்தோடு கைமாறிவிடும். திருமணம் நிலைத்தால் பிரச்சினை இல்லை. மனைவி முந்திக்கொண்டு இறந்தாலோ, அந்த நிலத்தைக் கணவர் தன் பெயரில் வைத்துக்கொண்டிருக்க முடியாது, விற்றாக வேண்டும்.

மருத்துவத்தைப் பற்றிச் சொல்லும் புகழ்ச்சி பாதி நியாயம். பாங்காக்கின் பும்ருங்ராட் போன்ற மருத்துவமனைகள் உலகத் தரம்தான். ஆனால் பில்லும் அதே தரத்தில் வரும். உள்ளே சேர்க்கும் முன்பே காப்பீடோ முன்பணமோ கேட்பார்கள். அறுபது வயதில் எளிதாகக் கிடைத்த காப்பீடு எழுபத்தைந்தில் கிடைக்காது, கிடைத்தாலும் இருக்கிற நோய்களை விட்டுவிட்டுத்தான் தருவார்கள். 2002 முதல் நடக்கும், உலகமே பாராட்டும் '30 பாத்' மருத்துவத் திட்டம் தாய்லாந்துக் குடிமக்களுக்கானது. அமெரிக்கரின் மெடிகேர் அங்கே செல்லாது. பிரிட்டனின் இலவச மருத்துவமும், அந்த நாட்டில் வசிக்காதவருக்கு உரிமையாகக் கிடைப்பதல்ல.

ஒன்றை மட்டும் மறுக்க மாட்டேன். பராமரிப்பு அங்கே நிஜமாகவே நன்றாக இருக்கிறது. சியாங் மாய் அருகே 'பான் கம்லங்சாய்' என்ற இல்லத்தை மார்ட்டின் வூட்லி என்ற சுவிஸ்காரர் நடத்துகிறார். ஆல்சைமர் நோய் கண்ட தன் தாயை அழைத்துவந்து பார்த்துக்கொண்டதிலிருந்து வளர்ந்த இடம் அது. மறதி நோயாளி ஒருவருக்கு இரவும் பகலும் மாறி மாறித் தனி ஆள் இருப்பார். கோவிலுக்கும் சந்தைக்கும் கைபிடித்துக் கூட்டிப்போவார்கள். அங்கே ஆகிற காசுக்கு ஐரோப்பாவில் இது நடக்காது. ஆனால் அங்கே இருப்பவர்களின் செலவையும் காகிதங்களையும் ஊரிலிருக்கும் பிள்ளைகளோ துணையோ பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் தனியாகக் கிளம்பிய ஆளுக்கு, நினைவு தப்பிய பிறகு 90 நாள் அறிக்கையை யார் கொடுப்பது?

'வெள்ளைக்காரங்க ஸ்பெயின்ல லட்சக்கணக்குல வாழறாங்களே' என்பார்கள். வாழ்கிறார்கள், ஆனால் காரணம் வெயில் மட்டும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனுக்கு அங்கே தங்குவது உரிமை. ஓய்வூதியம் ஏறும், மருத்துவச் செலவைச் சொந்த நாடு ஏற்கும். அந்த உரிமை போனால் என்ன ஆகும் என்பதை பிரெக்ஸிட் காட்டியது. 2020 முடிவதற்குள் முறைப்படி குடியேறியிருந்த பிரிட்டிஷ்காரர்கள் தப்பித்தார்கள். ஸ்பெயினில் சொந்த வீடு வாங்கி, குளிர்காலம் முழுக்க அங்கே கழித்துக்கொண்டிருந்தவர்கள் 2021 முதல் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். அதே கடல், அதே வீடு, சாவியும் கையில். (இந்தியா பக்கம் கனவு காண்கிறவர்களும் உண்டு. ஜெய்ப்பூரில் ஆங்கிலேய முதியவர்கள் குடியேறுவதாக 'தி பெஸ்ட் எக்ஸாடிக் மேரிகோல்ட் ஹோட்டல்' என்று ஒரு படம்கூட வந்தது. இந்தியாவில் ஓய்வுக்கால விசா என்று ஒன்றே கிடையாது.)

கடைசியாக, 'ஒத்துவரலைன்னா திரும்பி வந்துடலாம்.' எல்லா வாதமும் தோற்ற பிறகு எடுக்கிற துருப்புச் சீட்டு இது. வாடகைக்குப் போய், சென்னை வீட்டை விற்காமல் வைத்திருப்பவருக்கு இது உண்மை. அவர் போய்ப் பார்க்கட்டும், நான் தடுக்க மாட்டேன். ஃபிளாட்டை விற்றுவிட்டவர் எந்த விலைக்கு எந்தப் பேட்டையில் திரும்ப வாங்குவார்? திரும்பி வருகிற காரணமும் பெரும்பாலும் உடம்பாகத்தான் இருக்கும். இங்கே மருத்துவக் காப்பீட்டுக்கு வயது வரம்பை 2024இல் எடுத்துவிட்டார்கள், நல்லது. ஆனால் ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை இருக்கலாம். வெளிநாடு போகிறோமே என்று பழைய பாலிசியை நிறுத்திவிட்டவர், எழுபத்து நான்கு வயதில் சர்க்கரையும் இதயக் கோளாறுமாக மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கும்போது, அந்தக் கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்கும்.