காலிப் பெட்டிக்கு மூன்று திட்டு

பி.காம். படிக்கிறவனுக்கு ஜாவாவில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பில் போடும் மென்பொருளெல்லாம் கடைசியில் எங்கள் தலையில்தான் வந்து விடிகிறது.

ஜிஎஸ்டி எண்ணையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 15 எழுத்து. முதல் 2 மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த 10 பான் எண், கடைசி எழுத்து சரிபார்ப்புக்கு. காலியாக இருக்கக் கூடாது, நீளம் 15, வடிவம் சரியாக இருக்கணும். இதெல்லாம் தேறின பிறகுதான், இந்த எண் ஏற்கெனவே டேட்டாபேஸில் இருக்கிறதா என்று தேடணும்.

ஜாவாவின் பீன் வேலிடேஷன் (2009-ல் வந்த தரம்) இந்த விதிகளை ஒரு ஃபீல்டின் தலைமேல் அடுக்க விடுகிறது. பார்த்தால் மேலிருந்து கீழே ஓடும் என்று தோன்றும். அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது என்று அந்தத் தரமே சொல்கிறது. "என் மெஷினில் வரிசையாகத்தானே வருது" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிழைகள் திரும்பி வருவதே ஒரு செட்டில்தான். செட்டுக்கு ஏது வரிசை?

ஆக, பெட்டியைக் காலியாக விட்டவருக்கு "காலி", "15 எழுத்து இல்லை", "வடிவம் தப்பு" என்று மூன்று திட்டு. (நல் வந்தால் நீளமும் வடிவமும் பார்க்கிற விதிகள் சும்மா விட்டுவிடும். ஆனால் ஃபார்மிலிருந்து பெரும்பாலும் வருவது காலி ஸ்ட்ரிங்.) டேட்டாபேஸ் தேடலும் வெட்டியாக ஒரு தடவை ஓடியிருக்கும்.

இதற்கு மருந்தாகச் சொல்வது குரூப்சீக்வென்ஸ். விதிகளைக் குழுக்களாகப் பிரித்து, முதல் குழு தோற்றால் அடுத்ததைத் தொடாதே என்று சொல்லலாம். ஆனால் இது ஃபீல்டுக்கு அல்ல, முழு ஆப்ஜெக்டுக்கும் பொருந்தும். வாடிக்கையாளர் பெயரை விட்டுவிட்டால் ஜிஎஸ்டி எண்ணின் வடிவத்தையும் யாரும் பார்க்க மாட்டார்கள். பெயரைப் போட்டு மறுபடி அனுப்பினால், அப்போதுதான் "எண் தப்பு" வரும். பில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறவருக்குத் தவணை முறையில் திட்டு!

டாட்நெட்டின் ஃப்ளூயன்ட்வேலிடேஷன் செய்வதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் தனிச் சங்கிலி, எழுதிய வரிசையிலேயே ஓடும். கேஸ்கேட் மோடை ஸ்டாப் என்று வைத்தால் (வைக்காவிட்டால் நிற்காது) அந்தச் சங்கிலி மட்டும் முதல் பிழையில் நிற்கும். பக்கத்து ஃபீல்டு தன் பாட்டுக்குப் போகும்.

ஜாவாக்காரர்களுக்கும் வழி இருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணுக்கென்று சொந்தமாக ஓர் அனோடேஷன் செய்து, அதன் வேலிடேட்டருக்குள் இஃப் போட்டு வரிசையை நாமே வைத்துக்கொள்ளலாம். டேட்டாபேஸ் தேடலை மட்டும் இரண்டாவது குழுவுக்குத் தள்ளுங்கள். பெயர் விட்டுப்போனால் அந்தத் தேடல் தாமதமாகும்தான். ஆகட்டும்.